இரண்டாவது பிரேக்

ஏரிக்கரை விடுதி, மாடி அறை
மார்ச் 4

அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, அதனால் விசாரிக்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல் அலமாரியின் மேல்தட்டில் இருந்த டப்பாவைக் காணவில்லை என்று இந்நேரம் ஊரையே இரண்டாக்கியிருப்பீர்கள். எடுத்தது நான்தான். திருடவில்லை, எடுத்தேன். நீங்கள் அவருக்கு அக்காவாகவே இருங்கள், என் புருஷனின் அஸ்தியை நான் எடுத்துக்கொண்டு போக யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்?

கேட்காமல் இல்லை. முதல் தடவை கேட்டபோது "பார்க்கலாம்" என்றீர்கள். அடுத்த தடவை "டெஸ்ட் சீசன் முடியட்டும்" என்றீர்கள். அதற்கும் அடுத்த தடவை நான் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே "மிர்ரரைப் பாரு, மிர்ரரைப் பாரு" என்று கத்தினீர்கள். என்னிடம் கத்துகிறீர்களா, வண்டி ஓட்டுகிற பெண்ணிடம் கத்துகிறீர்களா என்றே தெரியவில்லை. செத்தவரைக் கரைப்பதற்குக்கூட டெஸ்ட் சீசன் முடிய வேண்டுமா? எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை ஏழு மணி கிளாஸை எடுத்தவர்தானே நீங்கள். தெருவில் ஹாரன் சத்தம் கேட்டு, அவர்தான் வருகிறார் என்று ஒரு நிமிஷம் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அதை நான் மறக்க மாட்டேன்.

நான் வந்திருப்பது எந்த ஏரி என்று உங்களுக்குத் தெரியும். ஆபீஸ் சுவரில் டயர் கம்பெனி காலண்டர் தொங்குமே, தாளெல்லாம் கிழிந்த பிறகும் படத்தை மட்டும் வெட்டி ஒட்டி வைத்திருந்தாரே, அதே ஏரி. கல்யாணமான வருஷத்திலிருந்து "ஒருநாள் கூட்டிட்டுப் போறேன்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எப்போது என்றால் "ஓகே, ஓகே, இந்த பேட்ச் போகட்டும்." வண்டி பழக வரும் பிள்ளைகள் அவருக்கு 'ஓகே சார்' என்று பேர் வைத்தது சும்மாவா? ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "என்னைக் கொண்டுபோய் அந்த ஏரியில விட்டுடு. அப்பவாவது கூட்டிட்டுப் போன மாதிரி இருக்கும்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர், "பெயிண்ட் டப்பாவா? மேல போடுங்கம்மா" என்றார். "இது மடியிலதான் வரும்" என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீர் படத்தில் இருந்ததைவிட நீலம். காலையில் மலை தலைகீழாகத் தண்ணீருக்குள் நிற்கிறது. நாரை ஒன்று நடக்கிறது, சத்தமே இல்லை. இவ்வளவு அழகு என்று தெரிந்திருந்தால் உயிரோடு இருந்தபோது அவரை இன்னும் நன்றாகத் திட்டியிருப்பேன்.

முந்தாநாள் காலையில் கரைத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தி.

போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். காகிதத்தில் கத்துங்கள், கடைசி வரை படிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி
(இதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்)

*

டிரைவிங் ஸ்கூல்
மார்ச் 8

மகராசிக்கு,

காகிதத்தில் கத்தச் சொன்னாய். கத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே தெரிந்துவிட்டது. அலமாரி திறந்து கிடக்கிறது. மேல்தட்டு காலி. டப்பாவின் மேல் நான் வைத்திருந்த அவன் தொப்பியை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய், பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி. யார் எடுத்தது என்று நான் யோசிக்கவே இல்லை. ஆபீஸ் சாவி எங்கே தொங்கும் என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

"என் புருஷன், என் புருஷன்" என்கிறாய். அவன் உனக்குப் புருஷன் ஆவதற்கு முன்னால் எனக்குத் தம்பி. அம்மா வேலைக்குப் போனபோது இடுப்பில் தூக்கித் திரிந்தது நான். சைக்கிள் பழக்கியது நான். கார் பழக்கியதும் நான். கடன் வாங்கி இந்த ஸ்கூலை ஆரம்பித்தபோது, ஒரே ஒரு ஓட்டைக் காரில், காலையில் அவன், மாலையில் நான். உனக்கு அவன் வீட்டில் இருந்த நேரம்தான் தெரியும். எனக்கு மீதி நேரம் முழுக்கத் தெரியும்.

மறுநாளே கிளாஸ் எடுத்தேன். ஆமாம், எடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து உன் மாதிரி அழ எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது கிளட்ச்சும் கியரும்தான். அன்றைக்கு அந்தப் பையன் மூன்று தடவை வண்டியை ஆஃப் செய்தான். அவனைத் திட்டவில்லை. நான் எப்படி இருந்தேன் என்று அதிலிருந்து நீயே தெரிந்துகொள்.

உன்னிடம் ஏரி என்று சொன்னானா? என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? அதே ஆஸ்பத்திரி, அதே கட்டில். "நான் எங்கக்கா போகப்போறேன்? உன் பக்கத்து சீட்லதான் இருப்பேன். ஸ்கூலை விட்டு என்னை எங்கயும் அனுப்பிடாத." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். நான் அதை நம்பி அலமாரியில் வைத்தேன். தினமும் சாயங்காலம் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்து, இன்றைக்கு யார் பாஸ், யார் ஃபெயில் என்று சொல்வேன். சிரிக்கிறாயா? சிரி.

நீ போனதிலிருந்து எதுவுமே உருப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் பார்க்கிங் கட்டம் போடப் போனேன். கோபத்தில் கையுறை போடக்கூட மறந்துவிட்டேன். அதில் அந்தச் சுண்ணாம்புக் கடைக்காரன் வேறு. காலி டப்பாவைக் கொடுத்தால் நிரப்பிக் கொடுப்பான், நானும் திறந்து பார்க்காமல் வாங்கி வைத்துவிட்டேன். இந்தத் தடவை என்ன கண்றாவியை நிரப்பினானோ, சாம்பல் கலரில் நறநறவென்று இருக்கிறது. வெயிலில் கோடே சரியாகத் தெரியவில்லை. ஒரே ஒரு கட்டம் போடுவதற்குள் முக்கால் டப்பா காலி. நேராகக் கடைக்குப் போய், "மண்ணைக் கலந்து விக்கிறியா?" என்று நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டேன். "சத்தியமா நல்ல சரக்கும்மா" என்று தலையில் அடித்துக்கொண்டான். எல்லாரும் திருடர்கள்.

ஒன்று கேட்கிறேன். எந்த இடத்தில், எப்படி, எந்தக் கையால் கரைத்தாய்? ஒன்று விடாமல் எழுது. என்னைப் பார்க்க விடவில்லை, படிக்கவாவது விடு.

உன் அண்ணி

*

ஏரிக்கரை விடுதி
மார்ச் 11

அண்ணிக்கு,

கேட்டதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் நான் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஸ்கூல் காரில் நீங்கள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தப்புச் செய்தால் நீங்கள் மிதிப்பீர்கள். நல்லது, அது தொழில். ஆனால் எங்கள் கல்யாணத்திலும் நீங்கள் அந்தப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். மார்க்கெட் பக்கம் வீடு பார்த்தோம், "அவ்வளவு தூரமா?" என்றீர்கள், வண்டி நின்றது. நான் சொந்தமாகத் தையல் கடை வைக்கிறேன் என்றேன், "இப்ப எதுக்கு?" என்றீர்கள், நின்றது. இன்னும் அடுத்தவர் கடையில் அடுத்தவர் பேண்ட்டுக்குக் கால் வெட்டித் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஏரி, ஏரி என்று ஒவ்வொரு வருஷமும் கிளம்பினோம். ஒவ்வொரு வருஷமும் உங்களுக்கு டெஸ்ட் சீசன். அவர் என்ன செய்வார்? உங்களுக்கும் ஓகே, எனக்கும் ஓகே.

அதையெல்லாம்கூட விடுங்கள். எனக்கு வண்டி பழக்கினீர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? ரிவர்ஸில் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். முதல் இரண்டு தடவை கோட்டை மிதித்தேன். பின் சீட்டிலிருந்து அவர் "கோட்டைத் தொடாதடி, கோட்டைத் தொடாதடி" என்று கத்திக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை சரியாக வந்தேன். கண்ணாடியில் கோடு தெரிந்தது. இன்னும் ஒரு முழம் இருந்தது. நான் காலைத் தூக்கி பிரேக்கில் வைப்பதற்குள் நீங்கள் உங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். வண்டி குலுங்கி நின்றது, இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

நான் நின்றிருப்பேன், அண்ணி. நீங்கள் மிதிக்காமல் இருந்திருந்தால் நானே நிறுத்தியிருப்பேன். அது இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஆறவில்லை.

இப்போது நீங்கள் கேட்டது. காலையிலேயே படகு பிடித்தேன். படகுக்காரர் காதில் எதையோ மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். டப்பாவைப் பார்த்ததும் என்ன நினைத்தாரோ, கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏரி நடுவில் துடுப்பை நிறுத்தினார். மூடியைத் திறந்தேன்.

சாம்பல் என்றால் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உங்கள் தம்பி வெள்ளை வெளேர் என்று இருந்தார். மாவு மாதிரி அவ்வளவு மெத்தென்று. எலும்பெல்லாம் இருக்கும் என்று பயந்துகொண்டே கையை விட்டேன், ஒரு துணுக்குகூட இல்லை. வலது கையால்தான் அள்ளினேன், பிறகு இரண்டு கையாலும். தண்ணீரில் விழுந்ததும் பால் ஊற்றின மாதிரி வெளுத்து மெதுவாகக் கீழே இறங்கியது. அவ்வளவு அழகாக இருந்தது. கொஞ்சம் காற்றில் பறந்து கண்ணில் விழுந்து எரிந்தது. "போற நேரத்துலயும் அழ வைக்கிறீங்களே" என்று சத்தமாகவே திட்டினேன். ஈரக் கையோடு மறுபடி அள்ளியபோது சுரீர் என்றது. நான் நிறுத்தவில்லை. டப்பாவை ஏரித் தண்ணீரில் அலசி, கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன்.

இப்போது பத்து விரலும் வெடித்துத் தோல் உரிந்து கிடக்கிறது. இங்கே டாக்டரம்மா, "எந்தக் கெமிக்கல்ல கையை வச்சீங்க?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர்" என்றேன். பேந்தப் பேந்த விழித்தார். ஊசி பிடிக்க முடியாது, கடையில் லீவை நீட்டச் சொல்லிவிட்டேன். உயிரோடு இருந்தவரை அந்த மனுஷன் என்னை ஒரு அடி அடித்ததில்லை. போகும்போது இப்படிச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

போதுமா? ஒன்று விடாமல் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் ஓட்ட விடாதவள்

*

டிரைவிங் ஸ்கூல்
மார்ச் 14

அன்புள்ள...

எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நேராக எழுதிவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதத்தை கேட்டில் நின்றே பிரித்தேன். பிரேக் பற்றி எழுதியிருந்த இடத்தில் கோபம் தலைக்கேறியது. பதில் எழுத வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். வெள்ளை வெளேர் என்ற இடத்தில் கண் நின்றது. மாவு மாதிரி என்றிருந்தாய். விரல் வெடித்தது என்ற இடத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

கையுறை போட மறந்தால் எனக்கும் அப்படித்தான் வெடிக்கும். ஈரம் பட்டால் சுரீர் என்னும். ஒவ்வொரு தடவை கோடு போடும்போதும் அப்படித்தான். இந்தத் தடவை வெறுங்கையால்தான் போட்டேன், வெடிக்கவில்லை.

நீ ஏரியில் கரைத்தது சுண்ணாம்பு. என் தம்பியை நான் கிரவுண்டில் கோடாகப் போட்டிருக்கிறேன்.

எப்படி நடந்தது என்று கேட்பாய். மயானத்தில் கொடுத்த அட்டைப்பெட்டி, ஆபீஸ் கூரை ஒழுகி ஊறிப்போனது. அவன் எதையும் தூக்கிப் போட மாட்டானே, கழுவிக் காயவைத்த பெயிண்ட் டப்பாக்கள் அடுக்காக இருந்தன. அதில் ஒன்றில் மாற்றினேன். நீல மூடி. சுண்ணாம்புக்கும் அதே டப்பாதான், அதே நீல மூடி. அவன் மேல்தட்டு, சுண்ணாம்பு கீழ்த்தட்டு. என் தம்பிக்கு எதற்குப் பேர் எழுதி ஒட்ட வேண்டும், எனக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். நீ வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவனை மேஜையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரன் பையன் சுண்ணாம்பு டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனான். அப்போது வெளியே ஒருத்தி வண்டியைக் கம்பத்தில் முட்டிவிட்டாள். ஓடிப் போனேன். திரும்பி வந்து, அவளைத் திட்டிக்கொண்டே ஒன்றை மேலே வைத்தேன், ஒன்றைக் கீழே வைத்தேன், தொப்பியை மேலே கவிழ்த்தேன். மறுநாள் நீ தொப்பியைப் பார்த்து எடுத்தாய்.

இப்போது போய்க் கீழ்த்தட்டு டப்பாவைத் திறந்து பார்த்தேன். கால் டப்பா மிச்சம் இருக்கிறது. அடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு எலும்புத் துண்டு. அன்றைக்குக் கோடு போடும்போது இதே மாதிரி ஒன்றைத்தான் கல் என்று எடுத்து வேலிப் பக்கம் எறிந்தேன்.

பதின்மூன்று நாளாகப் பிள்ளைகள் அவன் மேல்தான் வண்டி ஏற்றி இறக்குகிறார்கள். பாதிக் கோடு சக்கரத்தோடு போய்விட்டது.

நீ திருடாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. நான் கண்ணை வைத்துப் பார்த்திருந்தாலும் நடந்திருக்காது. எழுதாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நீ ஏரி அழகாக இருந்தது என்று எழுதியிருந்தாயே, அப்படியே இருக்கட்டுமே என்று. ஆனால் உன் விரலுக்கு டாக்டர் சரியான மருந்து கொடுக்க வேண்டும். சுண்ணாம்பு என்று சொல்.

அண்ணி

*

ஏரிக்கரை விடுதி
மார்ச் 17

அண்ணி,

படித்துவிட்டு முதலில் சிரித்தேன். விடுதிக்காரர் என்னவென்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அப்புறம் டீ டம்ளரைச் சுவரில் அடித்தேன். அதற்கும் எட்டிப் பார்த்தார்.

நான் யாரிடம் பேசினேன் அந்தப் படகில்? நெஞ்சில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். உங்களுக்கு எழுதாதது எவ்வளவோ இருக்கிறது. குழந்தை தங்காமல் போனபோது நீங்கள் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்று அவரிடம் நான் சண்டை போட்டது, அவர் அதற்கும் "ஓகே, ஓகே, அக்காகிட்ட சொல்றேன்" என்றது, எல்லாவற்றையும் சொல்லி, போகட்டும், மன்னித்துவிட்டேன் என்று சொல்லித்தான் கடைசிக் கை அள்ளினேன். எல்லாம் கோடு போடுகிற சுண்ணாம்பிடம்! சுண்ணாம்பை மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்.

உங்களைத் திட்ட உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதிக் கிழித்தும் போட்டேன். திட்டுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அந்த மனுஷன் முகம் வந்து நிற்கிறது. என்னிடம் ஏரி, உங்களிடம் ஸ்கூல். இரண்டு பேருக்கும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஓகே சொல்லியிருக்கிறார். கடைசியில் யார் சொன்னது நடந்தது? உங்களுக்குச் சொன்னதுதான். எப்போதும்போல. செத்தும் அக்கா பேச்சைத் தட்டவில்லை பாருங்கள்.

எனக்கு எவ்வளவு கோபம் வருகிறது என்று எழுதத் தெரியவில்லை. இந்த ஏரியைப் பார்த்தாலே கோபம் வருகிறது. வெட்கமில்லாமல் இன்னமும் நீலமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். கேட்கவில்லை, சொல்கிறேன். நான் வருகிறவரை அந்தக் கிரவுண்டில் ஒரு சக்கரம் உருளக்கூடாது. ஒரு ஆள் நடக்கக்கூடாது. டெஸ்ட் சீசன் என்று ஒரு வார்த்தை எழுதினீர்கள் என்றால், இந்த ஜென்மத்தில் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன். அவருக்காக ஒருநாள்கூட ஸ்கூலை மூடாதவர் நீங்கள். இப்போது மூடுங்கள் பார்க்கலாம்.

அந்த எலும்பை எறிந்த இடத்தைத் தேடுங்கள்.

அவர் மனைவி

*

டிரைவிங் ஸ்கூல்
மார்ச் 20

அம்மாடி,

மூடிவிட்டேன்.

நீ சொல்வதற்கு முன்னாலேயே. உனக்கு எழுதிய அன்றைக்கே கேட்டைப் பூட்டிவிட்டேன். நீ சொல்லித்தான் மூடினேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல பேர் வாங்கச் சொல்லவில்லை, உண்மை அது.

அடுத்த வாரம் டெஸ்ட் இருக்கிற பிள்ளைகள் வாசலில் நின்று கத்துகிறார்கள். ஒருத்தியின் அப்பா, "பொறுப்பே இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன். 'பிரேக் மேடத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது' என்று பேசிக்கொள்கிறார்களாம். எனக்கு இப்படி ஒரு பேர் இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரியும். உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் இருக்கும்.

புதன்கிழமை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. லாரிக்காரரிடம் தார்ப்பாய் வாங்கி வந்து கட்டத்தின் மேல் விரித்து, நாலு பக்கமும் பழைய டயரை வைத்தேன். மழை தூறலோடு நின்றுவிட்டது. ஆனாலும் குடையை வைத்துக்கொண்டு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் போனதிலிருந்து நான் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அழுகை வந்தது. எனக்கு வராது என்று எழுதியிருந்தேனே, அது பொய்யாகிவிட்டது.

எலும்பைத் தேடினேன். வேலியடியில் மண்ணைச் சல்லடையில் சலித்துப் பார்த்தேன். கிடைத்தவற்றில் எது கல், எது அவன் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறேன். நீ வந்து பார்.

சுண்ணாம்புக் கடைக்காரனிடம் போய் நாலு பேர் முன்னால் திட்டியதற்கு நாலு பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். விஷயம் என்ன என்றான். சொன்னேன். அவன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து நின்றான்.

குழந்தை விஷயம். விசாரிக்கத்தான் வந்தேன். உன் வீட்டு வாசல் வரை வந்தேன். உள்ளே நீ அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை, திரும்பி கிளாஸுக்குப் போய்விட்டேன். இதற்கு நீ என்ன வேண்டுமானாலும் சொல், வாங்கிக்கொள்கிறேன்.

பிரேக் விஷயத்தில் மட்டும் உன்னோடு ஒத்துப்போக மாட்டேன். நீ நின்றிருப்பாயா, கம்பத்தில் முட்டியிருப்பாயா என்று எனக்குத் தெரியாது. தெரிவதற்குள் கால் போய்விட்டது. அது யோசித்து வைக்கிற கால் இல்லை. பயம் வந்தால் தானாகப் போகும். வண்டியில் இருந்தது என் தம்பியும் நீயும்.

மிச்சம் இருக்கிற கால் டப்பா உன்னுடையது. ஏரியில் விடுவாயோ, வீட்டில் வைப்பாயோ, நான் வாயைத் திறக்க மாட்டேன். இந்தத் தடவை பேர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

எப்போது வருகிறாய்?

அண்ணி

*

ஏரிக்கரை விடுதி
மார்ச் 23

அன்புள்ள அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடிக்கவில்லை, இருக்கட்டும். கோபம் குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

வாசல் வரை வந்தீர்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். தெரியாமலே இவ்வளவு வருஷம் உங்கள்மேல் எரிச்சலில் இருந்திருக்கிறேன். தெரிந்த பிறகு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கதவைத் தட்டுவதற்கு என்ன கேடு?

மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். விரல் ஆறி வருகிறது. கட்டைவிரல் மட்டும் இன்னும் மடங்கவில்லை, ஆனால் பிடிமானம் வந்துவிட்டது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். நேராக ஸ்கூலுக்குத்தான் வருவேன். கேட்டைத் திறந்து வையுங்கள். தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். கோட்டைப் பெருக்கி அள்ளலாம் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். உங்களிடம் ஸ்கூலை விட்டுப் போக மாட்டேன் என்று சொன்னாராம், அவர் அங்கேயே இருக்கட்டும். மழை பெய்யும்போது பெய்யட்டும். என்னிடம் ஏரி என்று சொன்னார். கால் டப்பா அங்கே போகும். நீங்களும் வருவீர்கள். டெஸ்ட் சீசன் முடிந்தபிறகு இல்லை, அன்றைக்கே. வழியில் எதைப் பற்றியும் நமக்குள் பேச்சு வேண்டாம், ஏரியைப் பார்த்த பிறகு வேண்டுமானால் பேசலாம். படகுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னொரு தடவையா என்று கேட்டார். முதல் தடவை ஆள் மாறிவிட்டது என்றேன். பாவம், அவர் ஏதேதோ நினைத்துப் பயந்துவிட்டார்.

ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஸ்கூல் காரைக் கழுவி, கிரவுண்டு வாசலில் நிறுத்தி வையுங்கள். டிரைவர் சீட்டை முன்னால் தள்ளி வையுங்கள், எனக்குக் கால் எட்டாது. நான்தான் ஓட்டப் போகிறேன். அந்தக் கட்டத்துக்குள் ரிவர்ஸில் வந்து நிறுத்தப் போகிறேன். கோட்டைத் தொடாதடி, தொடாதடி என்று கத்தினாரே, இப்போது அவரே கோடாகக் கிடக்கிறார். அவர்மேல் படாமல் நிறுத்திக் காட்டுகிறேன்.

நீங்கள் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். வேறு யாரும் வேண்டாம். பயம் வந்தால் கால் தானாகப் போகும் என்று எழுதியிருந்தீர்கள். வரட்டும் பயம், எனக்கும்தான் வரும். கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிறேன்.